குற்றம் சொல்லும் காது

சிக்னேச்சர் கிட்டார் ஒன்றின் மதிப்புரையைப் படித்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குறை நெஞ்சில் தங்கிவிடுகிறது. புகழ்பெற்ற கலைஞர் ஒருவருக்கென்று வடிவமைத்து, அவர் கையொப்பத்தைக் கழுத்துப் பலகையிலோ உள்ளே ஒட்டிய சீட்டிலோ பொறித்து விற்கும் அக்கூஸ்டிக் கிட்டார்களைச் சொல்கிறேன். அவற்றின் நாதத்துக்கு மதிப்புரைகள் தரும் அடைமொழிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கதகதப்பு, பளபளப்பு, ஆழம், பட்டு, தேன், கண்ணாடி. கீழ்த்தந்திகள் உறுமுகின்றன, மேல்தந்திகள் மின்னுகின்றன, நடுவில் எல்லாம் சமன்பட்டு நிற்கின்றன. கடைசியில், கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கலைஞரே அறையில் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று ஒரு வரி. எழுதியவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது, நெகிழ்ந்திருக்கிறார். படித்து முடித்த என் காதில்தான் ஒன்றும் விழவில்லை. அவருடைய மகிழ்ச்சி தெரிந்தது. கலைஞரின் வரலாறு தெரிந்தது. முன்பலகை என்ன மரம், பின்பலகை என்ன மரம், விலை என்ன என்பதெல்லாம் தெரிந்தது. ஆறாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் அந்த ஓசை எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி அடங்கும், அடங்கும்போது பக்கத்துத் தந்தியையும் கிளப்பிவிட்டுப் போகுமா என்பது தெரியவில்லை. பல மாதச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துப் பார்க்கக் கடையும் இல்லாத ஊரில் இருக்கும் ஒரு பையனுக்கு அந்த மதிப்புரைதான் காது. அவனுக்கு அது என்ன கொடுத்தது என்று யோசிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நமக்கு இந்த வாத்தியத்தின் ஓசை சினிமா வழியாக வந்தது. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வெளியானபோது ‘இளைய நிலா’வின் தொடக்கத்தில் வரும் கிட்டார், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடைக்கோடி டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிட்டார் என்ன மரம், எந்தக் கம்பெனி, என்ன தந்தி என்று யாரும் கேட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்று கேட்டால் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். விரலால் தொடையில் தட்டிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்து, ஏறி இறங்கும் அந்தச் சிதறலைக் கிட்டத்தட்டச் சரியாகவே கொண்டுவந்துவிடுவார்கள். அடைமொழி ஒன்றும் வராது. தாளில் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் நாக்கிடமும் தோலிடமும் கண்ணிடமும் கடன் வாங்குகிறார். அதில் தவறில்லை. நாமும் குரலை இனிமை என்கிறோம், பேச்சைக் காரம் என்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு. கடன் வாங்கி வந்த சொற்கள் ஏன் ஒன்றுவிடாமல் புகழ்ச்சொற்களாகவே இருக்கின்றன? நாக்குக்குக் கசப்பும் தெரியும், தோலுக்குச் சொரசொரப்பும் தெரியும். அவை ஏன் வருவதில்லை?

பெயர் பொறித்த கிட்டாருக்கு ஏறக்குறைய நூறு வயது. 1920களின் இறுதியில் கிப்சன் கம்பெனி நிக் லூக்கஸ் என்ற பாடகரின் பெயரில் ஒன்றைச் செய்து விற்றது. அதன் பிறகு எத்தனையோ பெயர்கள். எரிக் கிளாப்டன் 1992இல் எம்டிவியின் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியில் 1939ஆம் ஆண்டு செய்யப்பட்ட மார்ட்டின் கிட்டார் ஒன்றை வாசித்தார். 1995இல் மார்ட்டின் கம்பெனி அவர் பெயரில் 461 கிட்டார்கள் செய்தது. 461 என்பது அவருடைய பழைய இசைத்தட்டு ஒன்றின் தலைப்பில் வரும் எண். அவர் வாசித்த அந்தப் பழைய கிட்டார் 2004இல் கிறிஸ்டி நிறுவனத்தின் ஏலத்தில் 7,91,500 டாலருக்குப் போனது. இந்த எண்களெல்லாம் மதிப்புரைகளில் தவறாமல் இடம்பெறும். ஆனால் 1992இல் உலகம் கேட்டது எதை? ஒரு மனிதரின் விரல்களை, அந்த அறையை, அங்கே வைத்த மைக்கை, பிறகு அதைக் கலந்து சமன்செய்த பொறியாளரின் தீர்ப்பை, கடைசியாக அவரவர் வீட்டு டிவிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியை. இத்தனையும் சேர்ந்து காதில் பதிந்த ஒன்றை, 461இல் ஒன்றை மடியில் வைத்து மீட்டும் ஒருவர் ‘அதே நாதம்’ என்கிறார். அந்த ‘அதே’யில் மரத்தின் பங்கு எவ்வளவு, நினைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் முயலவே இல்லை. பெயர் முன்னே வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேல்சித்தாமூர் நினைவு வந்துவிடுகிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, மல்லாட்டைக் கொல்லைகளையும் நெல்வயல்களையும் தாண்டிப் போனால் பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தெரியும். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்குள்ள மலைநாதர் கோயிலில், பெரிய பாறை ஒன்றின் முகத்தில், பாகுபலியும் பார்சுவநாதரும் இயக்கியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். பாகுபலியின் உடலைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கிறது. ஐம்பொறிகளும் அடங்கி, கொடி படர்வதுகூடத் தெரியாமல் நின்றவர் அவர். புலன் ஒவ்வொன்றையும் வெல்ல வேண்டிய பகையாகக் கண்ட சமயம் சமணம். அந்தச் சமயத்தைச் சேர்ந்த திருத்தக்கதேவர்தான், தமிழில் நான் அறிந்தவரை, ஒரு வாத்தியத்தின் ஓசையைப் பற்றிய மிகக் கூர்மையான மதிப்புரையை எழுதியவர். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் அது இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் பாடம் கேட்டு, 1887இல் அந்த நூலை அச்சில் கொண்டுவராமல் போயிருந்தால் சமணர் வீட்டு ஏடுகளுக்குள்ளேயே அது முடங்கிப்போயிருக்கக்கூடும்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். வித்தியாதர அரசன் கலுழவேகனின் மகள் காந்தருவதத்தை. யாழ் வாசிப்பில் அவளை வெல்பவனுக்கே அவள் மாலையிடுவாள் என்று இராசமாபுரத்தில் போட்டி வைக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் தோற்றுப் போகிறார்கள். சீவகன் வருகிறான். அவன் கையில் யாழைக் கொடுக்கிறார்கள். அவன் வாசிக்கவில்லை. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறான். இது தண்ணீரில் நின்று இளகிய மரம், வேண்டாம் என்கிறான். இது வெள்ளத்தில் வந்த மரம் என்று இன்னொன்றைத் தள்ளுகிறான். இது வாளால் வெட்டுக்காயம் பட்டது. இது இடி விழுந்தது. அரசர்களும் அழகியும் கூடிய அவையில், போட்டியின் உச்சத்தில், காப்பியத் தலைவன் மரங்களின் பழைய நோய்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மீட்டினால் இன்பம் தரும், கேட்டால் உருகும் என்று ஒரு சொல் இல்லை. பொன்னும் மணியும் இழைத்த அரச யாழ்களாகத்தான் அவை இருந்திருக்கும். அவன் அந்த அலங்காரத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மரம் வாத்தியமாவதற்கு முன்னால் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் கேட்கிறான்.

இந்தக் காட்சியைக் காப்பியத்தின் மிகைக்கூற்று என்று ஒதுக்கிவிடலாம். பலமுறை எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஓசையைக் கேட்டு மரத்தின் பூர்வீகத்தைச் சொல்ல முடியுமா? 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரோஜர் பக்னல் என்ற கைவினைஞர் ஆறு கிட்டார்களைச் செய்து கொடுத்தார். முன்பலகை ஆறிலும் ஒரே வகை மரம். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், எது எந்த மரமென்று தெரியாமல் வாசித்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. கள்ளச் சந்தைக்காக வெட்டப்படும் பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான மரமும் காதுக்கு அவ்வளவாக வேறுபடவில்லை. மதிப்புரைகளில் பத்தி பத்தியாக விரியும் ‘ரோஸ்வுட்டுக்கே உரிய ஆழம்’ எங்கே போயிற்று? அந்த ஆழத்தின் பெரும்பகுதி கண்ணிலும் விலையிலும் இருந்திருக்கிறது. இந்திய ரோஸ்வுட் என்று அவர்கள் சொல்வது நம் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. மார்ட்டின் கம்பெனி 1969இல் பிரேசில் மரத்தை விட்டு இதற்கு மாறியது. 1994இல் தமிழ்நாடு அரசு ஈட்டியைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நம் மலையில் பெயரில்லாமல் நின்ற மரம், கடல் கடந்து போய் வேறு யாரோ ஒருவரின் கையொப்பத்தோடு திரும்பி வருகிறது என்பதை அந்த மதிப்புரைகளைப் படிக்கும்போது மறக்க முடிவதில்லை.

ஆனால் லங்காஸ்டர் சோதனை சீவகனைப் பொய்யாக்கவில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அவன் மரத்தின் இனத்தைச் சொல்லவில்லை. இது பலா, இது குமிழ் என்று ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுக்கவில்லை. மரத்துக்கு நேர்ந்த கேட்டைச் சொல்கிறான். நீரில் ஊறி நார் இளகிய மரமும், உள்ளே பூஞ்சை தின்ற மரமும், இடி இறங்கி உள்ளுக்குள் வெடித்த மரமும் அதிர்வைத் தாங்காமல் விழுங்கிவிடும் என்பது மரவேலை தெரிந்த எவருக்கும் விளங்கும். தட்டினாலே ‘டொப்’பென்று விழும். நல்ல பலகை ‘கண்’ணென்று திரும்பிப் பேசும். அதிர்வு மரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகிறது என்பதைக் கருவி வைத்து அளக்கலாம், ஈரம் கூடினால் அந்தச் சாவும் விரைவுபடும். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஸ்ட்ராடிவாரி வயலின்களின் நாதத்துக்கு ஒரு காரணம் அந்த மரங்கள் நீரில் ஊறிக் கிடந்தது என்று ஜோசப் நாகிவாரி என்ற உயிர்வேதியியல் அறிஞர் வாதாடினார். சீவகன் தள்ளிய மரத்தை அவர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது: இந்த மரம் என்னென்ன பட்டது?

சீவகன் யாழ்களைத் தள்ளும் அந்தப் பாட்டின் கடைசி அடியில் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்து போக மனம் ஒப்பவில்லை. மற்ற யாழ்களையெல்லாம் காரணம் சொல்லித் தள்ளிய சீவகன், ஒன்றைத் தள்ளும்போது மட்டும் காரணத்துக்குப் பதிலாக உவமை சொல்கிறான். கணிகை பெற்ற மகனைப் போல இதற்குச் சிறப்பில்லை என்கிறான். எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் இங்கே நெஞ்சு சுருங்குகிறது. இடியையும் வாளையும் நீரையும் கண்டுபிடித்த அதே காது, காரணம் அகப்படாத இடத்தில் சட்டென்று குலத்தைக் கையிலெடுத்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் பிறப்பை இழிவுபடுத்தி, ஒரு யாழின் ஓசையைச் சொல்லிவிட்டதாக நிறைவடைகிறது. அந்தக் காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அந்த அடி அந்த யாழைப் பற்றி எனக்கு எதையும் சொல்லவில்லை. கையொப்பக் கிட்டாரின் மதிப்புரையும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் நிற்கிறது. இன்னாருடைய கிட்டார், ஆகவே சிறப்பு. இன்ன மரத்தின் வழி வந்தது, ஆகவே ஆழம். இகழ்ச்சியின் இடத்தில் புகழ்ச்சி வந்திருக்கிறதே தவிர, ஓசைக்குப் பதிலாகப் பிறப்பைச் சொல்லும் வேலை ஒன்றேதான். ஒரே பாட்டுக்குள் நல்ல மதிப்புரைக்கும் கெட்ட மதிப்புரைக்கும் சான்று இருப்பதால்தான் அதை விட்டு என்னால் விலக முடியவில்லை.

சிலப்பதிகாரத்துக்கும் சிந்தாமணிக்கும் உரை கண்டவர்கள் இந்தக் குற்றங்களை இன்னும் நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கிறார்கள். மரத்தின் குற்றம் தனி. நீரில் நிற்பது, அழுகுவது, வேவது, இடி விழுவது, நோய்ப்படுவது, ஆகாத நிலத்தில் வளர்வது. நரம்பின் குற்றம் தனி. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. இவற்றால் ஓசையில் பிறக்கும் பகை நான்கு: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. இந்த நான்கையும் கிட்டாருக்கு வைத்துப் பார்த்தபோது எனக்கு வியப்பே உண்டாயிற்று. கூடம் என்பது ஓசை வாய்திறந்து வராமல் மழுங்கிப்போவது. தடித்த வார்னிஷ் பூசிய முன்பலகையும், துருவேறிய பழந்தந்தியும் செய்வது அதைத்தான். ஆர்ப்பு என்பது அளவு மீறி முழங்குவது. பெருவயிறு கொண்ட கிட்டார்களில் ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிப் பாருங்கள். அந்தச் சுரம் நொடிக்கு 98 அதிர்வு. பல கிட்டார்களில் உள்ளே அடைபட்ட காற்றின் இயல்பான அதிர்வும் அதையொட்டியே இருக்கும். அதனால் அந்த ஒரு சுரம் மட்டும் மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு எழும். அதிர்வு என்று அவர்கள் சொல்வது இழுமென்று ஒழுகாமல் சிதறுவது. தந்தி ஃப்ரெட்டில் உரசினாலும், உள்ளே ஒட்டிய தாங்குசட்டம் பிசின் விட்டாலும் கேட்கும் கரகரப்பு அது. செம்பகை என்பது பண்ணோடு சேராத இன்பமின்மை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் சுரம் சரியாக மேல் ஸ்தாயியில் விழாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிற கிட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. இந்த நான்கில் எதைச் சொன்னாலும் கேட்பவர் தம் வாத்தியத்தை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ள முடியும். ‘தேன்போன்ற மேல்தந்திகள்’ என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

குற்றத்தை மட்டும் சொன்னால் ஓசையைச் சொன்னதாகிவிடுமா என்ற மறுகேள்வி நியாயமானது. குற்றமில்லாத இரண்டு வாத்தியங்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. மிச்சமிருக்கும் அந்த வேறுபாட்டைத்தான் எல்லாரும் சொல்லத் தவிக்கிறார்கள், சொல்லில் அடங்காது என்று கைவிடுகிறார்கள். இங்கே எனக்கு மறுபடியும் சமணர்களே துணை. அவர்களுடைய தருக்கத்தில் ஒரு பொருளைப் பற்றி ஏழு விதமாகக் கூறலாம், சப்தபங்கி என்பார்கள். தமிழில் அத்திநாத்தி என்ற பெயரில் நீலகேசியின் வாதங்களில் இது வரும். திண்டிவனத்துப் பக்கத்து வீடூரைச் சேர்ந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நூல் அது. ஒருவகையில் உண்டு. ஒருவகையில் இல்லை. ஒருவகையில் உண்டும் இல்லையும். அதற்குப் பிறகுதான் நான்காவதாக, ஒருவகையில் சொல்ல முடியாதது. மீதி மூன்றும் இவற்றின் சேர்க்கை. ‘சொல்ல முடியாதது’ என்பதும் அவர்களுக்கு ஒரு கூற்று. ஆனால் அது வரிசையில் நான்காவது. உண்டு என்பதையும் இல்லை என்பதையும் சொல்லிப் பார்த்த பிறகே அந்த இடத்துக்குப் போக முடியும். நம் மதிப்புரைகள் முதல் வரியிலேயே அங்கே போய் உட்கார்ந்துவிடுகின்றன. அதோடு, ஏழு கூற்றிலும் ‘ஒருவகையில்’ என்ற முன்னொட்டு உண்டு. அதை விட்டுவிட்டால் வாதமே கெட்டுவிடும். இந்தக் கிட்டார் கதகதப்பானது என்பது ஒன்றும் சொல்லாத வாக்கியம். புதுத் தந்தி போட்டு, நகத்தால் மீட்டி, ஓடு வேய்ந்த அறையில், ஈரமான கார்த்திகை மாதத்தில் கேட்டபோது கதகதப்பானது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கிட்டார்க் கம்பெனிகள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 45 முதல் 55 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன. விழுப்புரத்து மழைக்காலத்தில் முன்பலகை ஈரம் குடித்து உப்பும், தந்தி மேலே ஏறும், ஓசை கனத்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் அதே கிட்டார் சுருங்கி வேறொன்றாகப் பேசும். எங்கோ ஒரு குளிர்நாட்டு அறையில் எழுதப்பட்ட மதிப்புரைக்கு இங்கே என்ன பொருள் என்று எழுதியவர் நினைத்துப் பார்த்ததுண்டா?

அடைமொழி இல்லாமலும் எழுத முடியும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது. வட்டெழுத்து உருவாகிவந்த காலத்து எழுத்து. பெயர், நாள் எண்ணிக்கை, இடம். பெருந்தவம் என்றோ அரிய துறவு என்றோ ஒரு அடைமொழியும் கிடையாது. எண்ணிக்கை ஒன்றே போதுமென்று எழுதியவர் நினைத்திருக்கிறார், போதுமானதாகவும் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கூத்து வாத்தியக்காரர்கள் பேசுவதிலும் அதே சிக்கனத்தைக் கேட்கலாம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் பனி இறங்கும் நேரத்தில், “தோல் எறங்கிடுச்சுண்ணா, சூடு காட்டணும்” என்பார் ஒருவர். முகவீணைக்காரர் சீவாளி இன்னும் நனையவில்லை என்று வாயில் வைத்துக்கொண்டிருப்பார். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை ஒட்டிக்கொள்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நல்லா இருக்கு என்பதற்கு மேல் அவர்களிடம் புகழ்ச்சொல் கிடையாது. குறை சொல்லத்தான் சொற்கள் நிறைய. வாத்தியத்தோடு வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொற்கள்தான் தேவைப்படுகின்றன.

ஒருவருக்காகச் செய்யப்பட்ட வாத்தியம் தமிழ்நாட்டிலும் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கத் தொடங்கிய காலத்தில் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாகஸ்வரம் வழக்கத்தில் இருந்தது. அவர் சுருதியைக் கீழே இறக்கினார். நீண்ட பாரி நாகஸ்வரம் வந்தது. ஆனாலும் சுத்த மத்திமம் தானாகச் சரியாகப் பேசாது, உதட்டாலும் மூச்சாலும் வாசிப்பவர் சரிக்கட்ட வேண்டும். 1950களின் நடுவில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகத் துளைகளின் அளவையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, அந்தச் சுரம் சரியாகப் பேசும் பாரியை உருவாக்கினார். 1956 டிசம்பரில் ராஜரத்தினம் மறைந்துவிட்டார். இன்று தமிழகத்தில் பெரும்பாலானோர் வாசிப்பது அந்த வழியில் வந்த வாத்தியம்தான். அதற்கு ஆச்சா மரம் வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல தலைமுறை காய்ந்த தூணையும் உத்தரத்தையும் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். சீவகன் கேட்ட கேள்வியை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியம் ஊரின் பெயரில் இருக்கிறது. ராஜரத்தினத்தின் கையொப்பம் அதில் எங்கும் இல்லை. அதைப் பிறப்பித்தது ஒரு குறை. ஒரு சுரம் சேரவில்லை என்று துல்லியமாகச் சொல்லப்பட்ட குறை. ‘பாரியின் நாதம் அமுதம்’ என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்திருந்தால் ஆசாரி எந்தத் துளையை மாற்றியிருப்பார்?

தமிழில் இப்போது நிறைய இளைஞர்கள் கிட்டார் வாசிக்கிறார்கள். வாத்தியங்களைப் பற்றி எழுதவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து எந்தக் கிட்டாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அதன் குறையிலிருந்து தொடங்குங்கள். எந்த ஃப்ரெட்டில் உரசுகிறது, எந்தச் சுரம் அளவு மீறி எழுகிறது, எது மழுங்குகிறது, மழைக்காலத்தில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். என்ன தந்தி, எத்தனை நாள் பழசு, விரலா பிக்கா, எந்த அறை என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சொல்ல முடியாதது மிச்சமிருந்தால் அதை நான்காவதாக எழுதுங்கள். கலைஞரின் பெயரை விலைக்குப் பக்கத்தில் போட்டால் போதும்.